மூடிய பெயர், மூடாத கையெழுத்து

அவளுக்கு ஊரில் 'எதவச்சு டீச்சர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எத வச்சு சொல்றீங்க?" என்று கேட்பாள். வகுப்பில் கேட்டால் நியாயம், வரலாறு நடத்துகிறவள். காய்கறிக் கடையிலும் கேட்டாள். "என் மருமக தங்கம்" என்று பக்கத்து வீட்டுக்காரி பூரித்துப்போய்ச் சொன்னபோதும் பழக்க தோஷத்தில் கேட்டுத் தொலைத்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் அந்த வீட்டு ஜன்னல் இந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

வீட்டுக்காரர் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் 'காயில்' கட்டுகிறவர். கறுத்த விரல்களும் நிதானமான பேச்சும் உள்ள மனிதர். "மழை வரும் போல இருக்கு, குடை எடுத்துக்கோ" என்பார். "எத வச்சு சொல்றீங்க?" என்பாள் இவள். "நனைஞ்சுட்டு வா, அப்புறம் சொல்றேன்" என்பார். குடித்தனம் இப்படியே சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கேள்வி அவளிடம் ஒட்டிக்கொண்டது கல்லூரியில். ஆற்றுப் பாலம் கட்டியதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அந்தப் பாலத்துக்குக் கல் சுமந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுபோனாள். பேராசிரியர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, "இதுக்கெல்லாம் காகிதம் எங்கம்மா?" என்றார். "அவரே சொன்னாரு சார்." "வாயால சொல்றது காத்து. காகிதம் கொண்டா, படிக்கிறேன்." வகுப்பே சிரித்தது. அன்று கழுத்து வரை ஏறிய சூடு பல வருடம் ஆறவில்லை. அதிலிருந்து அவள் காகிதக் கட்சி ஆகிவிட்டாள். பேசிக்கொண்டிருக்கிற மனிதர்களைவிட, எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனவர்கள் மேல் அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

அந்தச் சூட்டில் பிறந்ததுதான் சனிக்கிழமைக் கருத்தரங்கு. ஆசிரியர் பயிற்சி மையத்தின் மாடி ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து வரலாற்று ஆசிரியர்கள் நாற்பது பேர் போல வந்து உட்காருவார்கள். பாடப்புத்தகத்தை யாரும் திறக்கக் கூடாது. பழைய அலுவலகங்களின் ஆவண அறைகளில் தூசி தின்று தேடி எடுத்த மூலக் காகிதங்களின் நகலை டீச்சர் கொடுப்பாள். ஒரு மாதம் துறைமுகத்துச் சரக்குச் சீட்டு, ஒரு மாதம் கொள்ளைநோய்க் காலத்து ஆஸ்பத்திரி அறிவிப்பு. நகல் எடுக்கும் முன் அதிலிருக்கிற ஆள் பெயர், ஊர் பெயர் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாளைப் பட்டையாக வெட்டி ஒட்டிவிடுவாள். பெயர் தெரிந்துவிட்டால் படிக்கிறவர் தன் அபிப்பிராயத்தைத்தான் படிப்பாரே தவிர காகிதத்தைப் படிக்க மாட்டார் என்பது அவள் வாதம். யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று பகல் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். கிளம்பும் நேரத்தில்தான் டீச்சர் பெயரை அவிழ்ப்பாள். பள்ளிக்கூடத்தில் தாங்கள் பிள்ளைகளை அதட்டி அடக்குகிற மாதிரி டீச்சர் தங்களை அதட்டுவதில் அந்த ஆசிரியர்களுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அவளுக்குப் பெற்ற பிள்ளைகள் இரண்டு, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். கருத்தரங்கு மூன்றாவது. செல்லம் அதற்குத்தான் அதிகம்.

அங்கே வருகிறவர்களில் ஒருத்தி எப்போதும் முதல் பெஞ்சில் உட்காருவாள். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் கடைசி பெஞ்சுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள், செல்ஃபோன் பார்க்க அதுதான் வசதி. இவள் மட்டும் முன்னால் வந்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அதனால் 'முன்பெஞ்சுக்காரி' ஆகிவிட்டாள். முப்பது வயதிருக்கும். ஊரிலேயே பழைய தனியார் பள்ளி ஒன்றில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. கணவன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் ஒரு கைக்குழந்தை. டீச்சரை "அக்கா" என்று கூப்பிடுவாள். டீ இடைவேளையில்கூட விடாமல் பின்னாலேயே வந்து, "அக்கா, ஒரு டவுட்டு" என்பாள். டீச்சர் வெளியே சலித்துக்கொண்டு உள்ளே குளிர்ந்துபோவாள்.

அந்த வருடம் டீச்சர் கல்வி அலுவலகத்தின் பழைய அறையில் முறைப்படி அனுமதி வாங்கித் தேடியபோது, ஒரு பள்ளிக் குழுவின் கூட்டத் தீர்மானம் கிடைத்தது. அறுபது எழுபது வருடத்துக் காகிதம், ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. தோல் பதனிடுகிற தெருவிலிருந்து வரும் பிள்ளைகளை முன்கட்டடத்தில் சேர்க்க வேண்டாம், பின்புறக் கொட்டகையில் தனியாக உட்கார வைத்துத் தனிப் பானையில் தண்ணீர் கொடுக்கலாம் என்று அதில் எழுதி, பள்ளியின் நிறுவனர் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்ததும் டீச்சருக்கு வயிறு எரிந்தது. உடனேயே, வெட்கத்தைவிட்டுச் சொல்ல வேண்டுமானால், வாயும் ஊறியது. இப்படி ஒரு மூலக் காகிதம் லேசில் சிக்காது. அது முன்பெஞ்சுக்காரி வேலை பார்க்கிற அதே பள்ளி என்பதும் அவளுக்குத் தெரியும்.

வழக்கம்போலப் பெயர்களை மூடினாள். நிறுவனர் பெயர், பள்ளி பெயர், தெரு பெயர், எல்லாம் பட்டைக்கு அடியில் போய்விட்டன. கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டாள். கோழி கிளறின மாதிரி இருக்கிற அந்தக் கிறுக்கலில் யாரால் என்ன பெயரைப் படிக்க முடியும்? பழைய கையெழுத்தின் அழகை ஆசிரியர்கள் பார்க்கட்டுமே என்று இருந்துவிட்டாள்.

அன்று ஹாலில் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. தோல் தெருவில் பிறந்து வளர்ந்த ஆசிரியர் ஒருவர் எழுந்து வெளியே போய், முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடைசியில் டீச்சர் அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னதும் எல்லாத் தலையும் முதல் பெஞ்சைத்தான் பார்த்தது.

முன்பெஞ்சுக்காரி எழுந்தாள். "அக்கா, இது எங்க ஸ்கூல். இத நான் எங்க பிள்ளைங்களுக்கு நடத்தலாமா? பேரு எதுவும் சொல்லாம, நீங்க செஞ்ச மாதிரியே?"

பின்னாலிருந்து யாரோ, "வேலை வேணாமா உனக்கு?" என்றார். சிரிப்பு எழுந்தது.

டீச்சருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "எதுக்கு சிரிக்கிறீங்க? பீரோல பூட்டி வைக்கிறதுக்கா நான் தூசி தின்னு எடுத்துட்டு வந்தேன்?" என்று சத்தம் போட்டாள். பிறகு முன்பெஞ்சுக்காரியைப் பார்த்து, "நீ நடத்தும்மா. கையில காகிதம் இருக்கும்போது யாரு என்ன சொல்ல முடியும்? ஏதாவதுன்னா நான் இருக்கேன்" என்றாள்.

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் வீடு போய்ச் சேரும் வரை அவள் காதில் இருந்தது.

முன்பெஞ்சுக்காரி நடத்தினாள். ஒன்பதாம் வகுப்பு, மதியம் முதல் பீரியட். பிள்ளைகள் தூங்கி வழிகிற நேரத்தில் அன்று ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. யார் எழுதியிருப்பார், அந்தப் பிள்ளைகள் கொட்டகையிலிருந்து முன்கட்டடத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் பிள்ளை பையைத் துழாவித் தன் மதிப்பெண் அட்டையை எடுத்தாள். அந்தப் பள்ளியின் ஒவ்வொரு மதிப்பெண் அட்டையின் முதல் பக்கத்திலும் நிறுவனர் படம் உண்டு. படத்துக்குக் கீழே அவர் கையெழுத்தும் அச்சாகியிருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து வருடம் தவறாமல் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது கிறுக்கல் இல்லை. அட்டையை நகலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"மிஸ், அப்போ அந்தக் கொட்டகை இப்ப நம்ம சைக்கிள் ஸ்டாண்டா?"

கேட்ட பிள்ளை தோல் தெருப் பெண். முன்பெஞ்சுக்காரி பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலையேம்மா" என்று சொல்லி மணி அடிக்கும் வரை ஓட்டியிருக்கலாம். "ஆமா" என்றாள். மறுநாள் காலை பள்ளி வாசலில் தோல் தெரு ஆட்கள் நின்றார்கள். மத்தியானத்துக்குள் நிறுவனரின் பேரன், இப்போதைய தாளாளர், அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

டீச்சருக்கு அவள் ஃபோன் செய்தபோது குரல் நடுங்கவில்லை. "அக்கா, உங்க கருத்தரங்குல குடுத்த நகல்னு மட்டும் சொல்லியிருக்கேன். விசாரணை வைக்கப் போறாங்களாம். உங்ககிட்டயும் கேப்பாங்க" என்றாள்.

"கேக்கட்டும், சொல்றேன். நீ பயப்படாதே" என்றாள் டீச்சர். ஃபோனை வைத்ததும் அந்த நகலை எடுத்து விரித்தாள். அந்தக் கையெழுத்தை மூடாமல் விட்டது யார்? இத்தனை வருடம் பேருக்குப் பேர் பட்டை ஒட்டினவள், அந்தப் பள்ளிக்கு ஒரு நடை போய் மதிப்பெண் அட்டையைப் பார்க்கத் தோன்றாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பழைய காகிதத்தை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிள்ளைகள் கையில் இருக்கிற புதுக் காகிதம் தெரியாமல் போய்விட்டது.

இரண்டு நாளில் பயிற்சி மைய இயக்குநர் அழைத்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூடத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் சொல்வார்.

"டீச்சர், அந்தத் தாளாளர் லேசுப்பட்ட ஆள் இல்ல. நம்ம மையத்துக்கு அனுமதி குடுக்கிற குழுவுலயும் அவர் இருக்காரு. 'கருத்தரங்குல வகுப்புக்குக் கொண்டுபோகச் சொன்னாங்களா?'ன்னு எழுத்துல கேட்டிருக்காரு. ஆமான்னு எழுதினீங்கன்னா அடுத்த மாசத்துலேர்ந்து சனிக்கிழமை ஹாலைப் பூட்டிட வேண்டியதுதான்."

"நான் சொன்னேனே சார். ஹால்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

"சொன்னது வேற, எழுதறது வேற. நகல்ல கீழ 'பயிற்சிக்கு மட்டும்'னு ஒரு வரி இருந்திருந்தா பிரச்சினையே இல்ல. இப்பக்கூட ஒரு வரி சேர்த்து..."

டீச்சர் எழுந்துவிட்டாள். மூலக் காகிதத்தின் நகலில் புது வரி சேர்ப்பதா? அதைக் கேட்டதுக்கே அவளுக்குக் காது கூசியது. "அந்த வேலை மட்டும் என்கிட்ட ஆகாது சார். நான் உண்மையை மட்டும்தான் எழுதுவேன்" என்று படபடவென்று சொல்லிவிட்டு, அந்த வீறாப்போடு வீட்டுக்கு வந்து எழுதவும் உட்கார்ந்தாள்.

மூன்று வரி வந்தது. மேற்படி நகல் ஆசிரியர் பயிற்சிக்காக என்னால் தயாரிக்கப்பட்டது. கருத்தரங்கில் பங்கேற்ற அனைவருக்கும் வழங்கப்பட்டது. மாணவர்களுக்கான பாடத்திட்டத்தில் இது இடம்பெறவில்லை. கீழே கையெழுத்து, தேதி.

வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட நீ நடத்துன்னு சொன்னது எங்க இருக்கு?"

"நேர்ல கேட்டா சொல்லுவேன்."

"கேக்கலன்னா?"

"இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா? காட்டுங்க பாக்கலாம்!" என்று அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவர் மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தார். மோட்டார் ஓடாவிட்டால் எந்த ஒயரும் அறுந்திருக்காது, எங்கோ ஓர் இணைப்பு மட்டும் விட்டுப்போயிருக்கும் என்று பல முறை பார்த்தவர். ஆனால் மனைவியிடம் தொழில் பேசுகிற துணிச்சல் அவருக்கு இல்லை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், டீச்சர் தான் பொய் சொல்லவில்லை என்று மனதார நம்பினாள். இயக்குநர் கேட்ட திருட்டு வேலையைச் செய்ய மறுத்துவிட்டோம் என்ற பெருமைகூட இருந்தது. எதை எழுதாமல் விட்டார் என்று தேடுகிற வித்தையை நாற்பது பேருக்குக் கற்றுக்கொடுத்தவளுக்குத் தன் காகிதத்தில் மட்டும் கண் அவிந்துபோனது. மனிதருக்கு இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

விசாரணை தாளாளர் அறையில் நடந்தது. நீள மேசை, கண்ணாடி அலமாரியில் கோப்பைகள், சுவரில் நிறுவனர் படம். தாளாளர் கத்துகிற ஆள் இல்லை. "எங்க தாத்தா எழுதினது தப்புதான். நான் இல்லைங்கல" என்றுதான் ஆரம்பித்தார். "இன்னிக்கு எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேரு அந்தத் தெருவுலேர்ந்து வர்றாங்க. அத யாரும் பேசல. எழுபது வருஷத்துக் காகிதத்தை எடுத்துப் பசங்க கையில குடுத்துட்டு, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" அவர் குரலில் வலியும் இருந்தது. அதில் பாதி நிஜமான வலி என்பதுதான் டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது.

டீச்சரின் மூன்று வரியை எடுத்து வாசித்தார். முன்பெஞ்சுக்காரி மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறவில்லை. காகிதத்தை ஒரு தரம் கையில் கேட்டு வாங்கி, தானே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கருத்தரங்குல இதை வகுப்புல நடத்துங்கன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?" என்று தாளாளர் அவளைக் கேட்டார்.

டீச்சர் முன்பெஞ்சுக்காரியைப் பார்த்தாள். இவள் சொல்லிவிடட்டும், ஆமாம் என்று நாமும் சொல்லிவிடுவோம் என்று காத்திருந்தாள்.

"இல்ல சார். நானாத்தான் எடுத்துட்டுப் போனேன்."

தாளாளர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எழுத்தில் ஒரு சாட்சி, வாயில் ஒரு சாட்சி, இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின. பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வீண் அலைச்சல் டீச்சர், மன்னிக்கணும். டீ சாப்பிடுங்க" என்றார். டீச்சர் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்கு நேரே டீ வந்தது. குடித்தாள். சூடாக இருந்தது, சர்க்கரை சரியாக இருந்தது. அது அவளுக்கு ஏன் நினைவில் நிற்க வேண்டும் என்று பின்னால் பல நாள் நொந்துகொண்டாள்.

வேலை நீட்டிப்பு இல்லை என்று முன்பெஞ்சுக்காரிக்கு அங்கேயே சொல்லிவிட்டார்கள். பழி எதுவும் எழுதாமல், மரியாதையாக அனுப்பினார்கள்.

வராந்தாவில் டீச்சர் அவளை எட்டிப் பிடித்தாள். "ஏன்டி அப்படிச் சொன்னே? நான் சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதானே? என்னைக் காப்பாத்தணும்னு உன்கிட்ட நான் கேட்டேனா?"

முன்பெஞ்சுக்காரி நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "உங்களைக் காப்பாத்தறதுக்கு இல்லக்கா. உங்க காகிதத்தைப் படிச்சதுமே தெரிஞ்சிடுச்சு, நீங்க அதைச் சொல்லப் போறதில்லன்னு. நான் ஆமான்னு சொல்லியிருந்தா என் வாய்ப்பேச்சு ஒரு பக்கம், உங்க காகிதம் ஒரு பக்கம். எதை நம்புவாங்க? வேலை போனது போதாதுன்னு பொய்க்காரின்னும் எழுதி வைப்பாங்க. அடுத்த ஸ்கூல்ல போய் நான் எப்படி நிக்கிறது?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நீங்க எழுதலன்னுகூட வருத்தம் இல்லக்கா. உங்களுக்கு உங்க கஷ்டம். அன்னிக்கு ஹால்ல நாப்பது பேரு கேட்டாங்க. கை தட்டினாங்க. ஒருத்தர் ஃபோன் பண்ணி என்னாச்சுன்னு கேக்கல." பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். "குழந்தை பால் குடிக்கிற நேரம், வரேன்" என்று போய்விட்டாள்.

அன்று டீச்சர் சமைக்கவில்லை. வீட்டுக்காரர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, அவளிடம் எதுவும் கேட்காமல் இருந்தார். கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருக்கலாம், கேட்காததால் அழ வேண்டியதாகிவிட்டது. அசிங்கமாக இருந்தது அவளுக்கு. அது ஒன்றுதான் சரியான சொல். அழுது முடித்துவிட்டு இன்னொரு காகிதம் எழுதினாள். வகுப்பில் நடத்தச் சொன்னது நான், கையெழுத்தை மூடாமல் விட்டதும் நான், அந்த ஆசிரியை மேல் தவறு இல்லை. இந்தத் தடவை வீட்டுக்காரரிடம் தானே நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "ம்" என்றார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்ததும் தாளாளர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு மடித்து, மேசையின் குறுக்கே அவள் பக்கமாகவே தள்ளினார். "ஃபைலை மூடி அனுப்பியாச்சு டீச்சர். நீங்களே முதல்ல ஒண்ணு எழுதிக் குடுத்தீங்க. அந்தப் பொண்ணும் அதையே சொல்லிச்சு. இப்ப நீங்க மட்டும் வந்து மாத்திச் சொன்னா, வயசாயிடுச்சு, மனசு கேக்கல, அதான் பழியைத் தன் மேல போட்டுக்கிறாங்கன்னுதான் நினைப்பாங்க. வேற யாராவது கேட்டவங்க இருந்தா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, குழுவுல வைக்கிறேன்." கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஒரு ஹால் நிறைய.

அடுத்த சனிக்கிழமை ஹால் வழக்கம்போல நிறைந்தது. முதல் பெஞ்ச் மட்டும் காலி. இயக்குநர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைய நகல்கள் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்த பிறகும் டீச்சர் பாடத்தை ஆரம்பிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுச்சு" என்றாள். "நடத்துன்னு சொன்னது நான். எழுதிக் கேட்டப்போ அதை விட்டுட்டு எழுதினேன். என் வாயை நானே மூடிக்கிட்டேன். தப்பு என்னுதுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இப்ப நான் ஒருத்தி சொன்னா எடுபட மாட்டேங்குது. நீங்க எல்லாரும் இங்க இருந்தீங்க. கேட்டீங்க."

மின்விசிறிக் காற்றில் நகல்கள் படபடத்தன. தோல் தெருவிலிருந்து வருகிற ஆசிரியர்தான் கடைசியில் பேசினார். "எங்களுக்குத் தெரியும் டீச்சர். நாங்களும்தானே இருந்தோம்."

"அப்போ எழுதுங்க" என்றாள் டீச்சர். அவள் குரலில் அதட்டல் இல்லை, அது பழக்கமில்லாத கெஞ்சல். ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். எல்லார் முன்னாலும் முதலில் தான் கையெழுத்துப் போட்டாள். அதை வாசல் பக்கத்து மேசையில் பேனாவோடு வைத்தாள். "கட்டாயம் இல்ல. டீக்கு வெளிய போறப்போ, மனசு இருக்கிறவங்க போடுங்க."

டீ வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அந்த ஹாலுக்குப் பின்புறம் ஒரு கதவு உண்டு. தாழ்ப்பாள் துருப்பிடித்து, யாரும் பயன்படுத்தாமல் கிடந்தது. அதை யாரோ தட்டித் தட்டித் திறக்கிற சத்தம் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக அந்த வழியாக வெளியேறினார்கள். தோல் தெரு ஆசிரியர் பாதி தூரம் மேசையை நோக்கி வந்தார். தாளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவன் அதே பள்ளியில் படிக்கிறான் என்று டீச்சருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு அவரும் திரும்பிப் பின்கதவுக்கே போனார்.

டீச்சருக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒவ்வொருவரும் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டினார்கள் என்பது அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரிந்தது. அதையெல்லாம் அவள் ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தாள்.

இயக்குநர் கிட்டே வந்து, "டீ ஆறுது டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. எல்லோரும் போன பின்கதவு வழியாகவே திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். தாளில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. நாற்பது பேரும் நகலைப் பிரித்து, பேனாவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, அவள் பாடத்தை ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.